இரைப்பை தன்னைத்தான் காக்கும் நெறி

உண்ட இறைச்சியைச் சில மணி நேரத்திற்குள் கூழாக்கும் இரைப்பை, தானும் தசையாலும் புரதத்தாலும் ஆனதாயிருந்தும், தன்னைத்தானே செரித்துக்கொள்ளாமல் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பது எங்ஙனம் என்பது உடலியங்கியலின் பழைய வினாக்களுள் ஒன்று. இதற்கு விடை காணப் புகுந்தோர் ஒற்றைத் தடுப்புச்சுவர் ஒன்றைத் தேடிச் சென்று, ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து ஒன்றுக்கொன்று துணைநிற்கும் பல காப்புகளின் ஒழுங்கைக் கண்டனர். அவ்வொழுங்கை வரையறை, வகை, நெறி என்னும் முறையில் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம். நுண்ணிய அறிவு எதனையும் ஐயத்திற்கு இடமின்றி உரைக்கும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பது எம் உறுதி. ஆகவே இன்றியமையாத அயற்பெயர்கள் சிலவற்றை மட்டும் ஏற்று, ஏனைய கலைச்சொற்களைத் தமிழாகவே ஆள்கின்றோம்.

உட்சவ்வும் புண்ணும்

இரைப்பையின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் ஈரமான மென்படை உட்சவ்வு எனப்படும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பே உடைய அது மூன்று கூறுகளால் ஆனது. முதற்கூறு, ஒற்றை வரிசையாக நெருங்கி நிற்கும் உயிர்மிகள். செல் என்று பள்ளியில் பயின்றதையே இங்கு உயிர்மி என்கிறோம். இரண்டாம் கூறு, குருதிக் குழாய்களும் நரம்பிழைகளும் ஊடுருவிய தாங்குபடை. மூன்றாம் கூறு, அதற்கும் கீழே விரிந்துள்ள மெல்லிய தசையேடு. மேல்வரிசை ஆங்காங்கே குழிந்து, தாங்குபடைக்குள் குழல்களாக நீள்கிறது. அக்குழல்களே இரைப்பைச் சுரப்பிகள் ஆகும்.

இவ்வுட்சவ்வுக்கு நேரும் கேட்டை அதன் ஆழங்கொண்டு இருவகையாகப் பகுப்பர். தசையேட்டைக் கடவாமல் மேலளவில் நின்றுவிடும் சிதைவு அரிப்பு எனப்படும். தசையேட்டையும் துளைத்துக் கீழிறங்கும் சிதைவே புண் எனப்படும். அரிப்பு பெரும்பாலும் தழும்பின்றி ஆறிவிடும். புண்ணோ ஆறினும் தழும்பு விடும். ஆறாமல் ஆழ்ந்து செல்லும் புண் குருதிக் குழாயை அரித்துக் குருதிப்போக்கை உண்டாக்கலாம். இரைப்பையின் சுவரையே துளைத்து உயிருக்கு இடர் விளைக்கவும் கூடும். இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலிலும் இத்தகைய புண் தோன்றும்.

தாக்கும் பொருள்கள்

உட்சவ்வைத் தாக்கும் பொருள்களுள் உடலுக்குள்ளேயே தோன்றுவன ஒருவகை. வெளியிலிருந்து வருவன மற்றொருவகை. காடியும், பெப்சின் என்னும் நொதியும், சிலபோது குடலிலிருந்து பின்னேறி வரும் பித்தநீரும் முதல்வகையைச் சேர்ந்தவை. வலிதணிக்கும் மருந்துகளும், கடுஞ்சாராயமும், புகையிலையும், குச்சுயிரி எனப்படும் பாக்டீரியா ஒன்றும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இரைப்பைச் சாற்றிலுள்ள காடி நீரகப் பாசிகக் காடியே, அஃதாவது பாடநூல்கள் ஐதரோகுளோரிக் அமிலம் என்று கூறும் பொருளே என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் பிரௌட்டு 1824-இல் வெளியான தம் ஆய்வுரையில் நிறுவினார். சுரப்பிக் குழல்களில் அமைந்துள்ள காடியுயிர்மிகள், குருதியிலிருந்து பெற்ற ஆற்றலைச் செலவிட்டு, நீரக அயனிகளை இறைத்து வெளியேற்றுகின்றன. ஒரு நீர்மத்தின் காடித்தன்மையை அளக்கும் பி.எச். என்னும் சுட்டெண் குறையக் குறையக் காடியின் கடுமை மிகும். ஓர் எண் குறைந்தால் கடுமை பத்து மடங்காகும். குருதியின் சுட்டெண் 7.4; காடியுயிர்மியிலிருந்து புதிதாக வெளிப்படும் நீர்மத்தின் சுட்டெண்ணோ ஒன்றுக்கும் கீழே, ஏறத்தாழ 0.8. எனவே ஒரு பக்கத்தில் குருதியும் மறுபக்கத்தில் அதனினும் பத்து நூறாயிரம் மடங்குக்கு மேற்பட்ட நீரக அயனிச் செறிவும் நிற்க, இவ்விரண்டையும் பிரிப்பது அந்த மெல்லிய உட்சவ்வே ஆகும். நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு லிட்டர் சாறு அதன்மீது சுரக்கிறது.

காடி தனித்துத் தாக்குவதில்லை. செருமானிய அறிஞர் தியோடர் சுவான் 1836-இல் கண்டறிந்த பெப்சின், புரதங்களைத் துண்டாடும் நொதி. காடி புரதத்தின் மடிப்புகளை அவிழ்க்க, பெப்சின் அவிழ்ந்த இழையை வெட்டுகிறது. இவ்விடத்திலேயே காப்பின் முதல் நெறி தொடங்குகிறது. நொதியைச் சுரக்கும் உயிர்மிகள் பெப்சினைச் செயல்படும் வடிவில் ஆக்குவதும் இல்லை, சேர்த்து வைப்பதும் இல்லை. செயலற்ற முன்பெப்சினையே அவை விடுக்கின்றன. அது இரைப்பையின் உள்வெளிக்குள் சென்று காடியைச் சந்தித்த பின்னரே பெப்சினாக மாறுகிறது; காடி நீங்கி நடுநிலை வந்தால் தன் ஆற்றலை இழந்துவிடுகிறது. அவ்வாறே காடியின் சுரப்புக்கும் கட்டுப்பாடு உண்டு. கேசுட்டிரின் என்னும் தூண்டி காடிச்சுரப்பை மிகுவிக்கிறது. சுட்டெண் மூன்றுக்குக் கீழ் இறங்குமளவு காடி பெருகியதும் சோமட்டோசுட்டாட்டின் என்னும் தணிப்பி சுரந்து, தூண்டியின் வேலையை அடக்குகிறது. தாக்கும் பொருளை இடத்தாலும் அளவாலும் வரையறுத்தல் காப்பின் தொடக்கம் என இதனால் அறிகிறோம்.

வினாவின் வரலாறு

இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் சான் அண்டர், இறந்தோர் சிலரின் இரைப்பைச் சுவர் கரைந்திருந்ததைக் கண்டு, 1772-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். உயிருள்ள வரையில் செரிக்கப்படாத இரைப்பை உயிர் நீங்கியதும் செரிக்கப்படுவதால், உயிர் என்னும் ஆற்றலே அதன் காப்பு என்று அவர் முடிவு கட்டினார். பிரெஞ்சு அறிஞர் குளோடு பெர்னார்டு இக்கருத்தை ஆய்வால் சோதித்தார். நாய் ஒன்றின் இரைப்பையில் அமைத்த திறப்பின் வழியே, உயிரோடிருந்த தவளையின் காலை அவர் உட்புகுத்தினார். தவளை உயிரோடிருக்க, அதன் கால் செரிக்கப்பட்டது. பின்னர் பிரெடரிக் பேவி என்பார் முயலின் காதைக் கொண்டு இதே முடிவைக் கண்டார். உயிருள்ள தசையும் செரிக்கப்படும் என்பது இதனால் தெளிவாயிற்று; காப்பு இரைப்பைக்கே உரிய தனியமைப்பில் உள்ளது என்பதும் உறுதியாயிற்று. காடியை நடுநிலைப்படுத்தும் காரத்தன்மை குருதிக்கு இருப்பதால் குருதியோட்டமே காப்பு என்று பேவி கருதினார். அக்கருத்து முழுமையானதன்று, ஆயினும் அதில் உண்மையின் ஒரு பகுதி இருந்ததைப் பின்னே காண்போம்.

வட அமெரிக்காவின் மேக்கினாக்கு தீவில் 1822-இல் துப்பாக்கிக் குண்டால் காயமுற்ற அலெக்சிசு செயிண்டு மார்ட்டின் என்பவருக்கு, ஆறாத ஒரு திறப்பு இரைப்பையில் நிலைத்துவிட்டது. அவருக்கு மருத்துவம் பார்த்த வில்லியம் போமாண்டு, அத்திறப்பின் வழியே செரிமானத்தைப் பல ஆண்டுகள் நேரில் கண்டு, 1833-இல் நூலாக்கினார். உட்சவ்வின் மேல் எப்போதும் ஒரு வழுவழுப்பான கோழை படிந்திருப்பதையும், சாராயம் மிகுந்தபோது அச்சவ்வு சிவந்து புண்படுவதையும் அவர் தம் கண்ணால் கண்டு எழுதினார். காப்பின் முதற்படை அங்குக் கண்ணுக்குப் புலனாயிற்று.

இன்றைய அறிவு இக்காப்பை மூன்று அரண்களாக வகுக்கிறது. உயிர்மிகளுக்கு மேலே உள்ளது மேலரண். உயிர்மிகளே ஆகியது இடையரண். உயிர்மிகளுக்குக் கீழே உள்ளது கீழரண்.

மேலரண்: கோழையும் காரமும்

மேற்பரப்பிலுள்ள கோழையுயிர்மிகள் இடைவிடாது கோழையைச் சுரக்கின்றன. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு நீரே. எஞ்சியதில் முதன்மையானது மியூசின் என்னும் நெடும்புரதம். இனியம் எனப்படும் சர்க்கரை செறிந்த கிளைகள் அடர்ந்த அப்புரத இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. அதனால் நுங்கின் சதைபோல, நீரே பெரும்பகுதியாக இருந்தும் கோழை வடிந்தோடாமல் தன் உருவில் நிற்கிறது. இப்படலம் இரு பிரிவினது. மேற்பிரிவு தளர்ந்தது, உணவோடு உரசிக் கழிந்து செல்வது. கீழ்ப்பிரிவு இறுகியது, உயிர்மிகளின்மேல் ஒட்டி நிற்பது.

காடியைத் தடுக்கக் கோழை மட்டும் போதாது. நீரக அயனி மிகச் சிறியதாதலால் வலையின் கண்களூடே அது மெல்ல ஊடுருவவே செய்யும். ஆகவே கோழையுயிர்மிகள் பைகார்பனேட்டு எனப்படும் ஈர்கரிமக் காரத்தையும் அப்படலத்திற்குள் சுரக்கின்றன. இக்காரத்தின் அளவு, சுரக்கும் காடியின் பேரளவோடு ஒப்பிட்டால் பத்திலொரு பங்கையும் எட்டுவது அரிது. இவ்வளவு சிறிய காரம் இவ்வளவு பெரிய காடியை எவ்வாறு எதிர்கொள்கிறது? விடை, கோழையின் அசைவின்மையில் உள்ளது. இரைப்பையின் உள்வெளியில் எல்லாம் கலக்கப்படுகின்றன. இறுகிய கோழைக்குள்ளோ கலக்கம் இல்லை. மேலிருந்து துளித்துளியாக இறங்கும் காடியும் கீழிருந்து துளித்துளியாக ஏறும் காரமும் அமைதியான அந்நிலையில் எதிர்ப்பட்டு, ஒன்றையொன்று நடுநிலையாக்கி, நீரும், கரிவளி எனப்படும் கார்பன் டை ஆக்சைடும் ஆகின்றன. இதன் பயனாக, உள்வெளியில் சுட்டெண் இரண்டாக இருக்கும்போதும், ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே கீழே, உயிர்மியின் முகத்தில் அது ஏழை ஒட்டி நிற்கிறது. பெப்சினோ பெரிய மூலக்கூறு. வலையின் கண்களில் எளிதில் நுழையாது. நுழைந்தாலும் நடுநிலையான அவ்விடத்தில் அதற்குச் செயல் இல்லை. ஒரே படலம் காடியைத் தணிப்பதாலும் நொதியைத் தடுப்பதாலும் ஈரெதிரியையும் ஒருங்கே வெல்கிறது.

இங்கு ஓர் ஐயம் எழும். காடி சுரப்பதும் இப்படலத்தின் கீழேயே ஆகலின், கீழிருந்து மேலே செல்லும் காடி படலத்தை ஏன் அழிப்பதில்லை? 1992-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை தந்தது. சுரப்பிக் குழலிலிருந்து அழுத்தத்தோடு எழும் காடி, கோழையில் பரவிக் கரையாமல், விரல்போல் நீண்ட நுண்வழிகளை அமைத்துக்கொண்டு வெளியேறுகிறது. மியூசினோ காடித்தன்மை மிக்க இடத்தில் மேலும் இறுகும் இயல்புடையது. ஆதலின் வெளியேறிய காடி மீண்டு வர எளிதில் வழி இல்லை. செல்வதற்கு இசைந்து, மீள்வதற்கு மறுக்கும் இந்த ஒருவழித் தன்மை கோழையின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது.

இடையரண்: உயிர்மிகளின் அணிவகுப்பு

கோழையைக் கடந்து வரும் காடியை உயிர்மிகள் எதிர்கொள்கின்றன. அவற்றின் மேல்முகச் சவ்வு காடியை எளிதில் உள்ளே விடாது. அடுத்தடுத்த உயிர்மிகளைப் பிணைக்கும் இறுக்கப் பிணைப்புகள் அவற்றின் இடுக்குகளையும் அடைத்து நிற்கும். கொழுப்புத் தன்மையுடைய சில பொருள்கள் மேற்பரப்பில் படிந்து, நீர்ம வடிவிலுள்ள காடி ஒட்டாதவாறு செய்கின்றன. இவற்றையும் மீறிச் சிறிதளவு நீரக அயனி உட்புகுந்தால், அதனை அடிப்பக்கத்தின் வழியே வெளியேற்றும் இறைப்பிகளும் உயிர்மியில் உள்ளன. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஓரசு தேவன்போர்ட்டு 1960-களில் செய்த ஆய்வுகளே இவ்வரணின் இருப்பை அளந்து காட்டின. ஆசுபிரின் போன்ற பொருள்கள் அதனை உடைக்கும்போது, காடி உட்சவ்வுக்குள் திரும்பப் பாய்வதையும் அவர் நிறுவினார்.

எனினும் இடையரணின் மெய்யான வலிமை அதன் புதுமையில் உள்ளது. சுரப்பிக் குழலின் கழுத்துப் பகுதியில் இருக்கும் முதல்நிலை உயிர்மிகள் ஓயாமல் பிரிந்து புதியவற்றைத் தருகின்றன. அவை மேலேறி, பழையன கழிந்த இடத்தை நிரப்புகின்றன. மேற்பரப்பு வரிசை முழுவதும் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து நாளுக்குள் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. இதனினும் விரைந்த ஒரு சீரமைப்பும் உண்டு. வன்பொருளால் மேல்வரிசை உதிர்ந்துவிட்டால், அருகில் உயிர்தப்பிய உயிர்மிகள் புதிதாகப் பிரியக் காத்திராமல், தட்டையாக விரிந்து ஊர்ந்து, வெறுமையான இடத்தைச் சில மணித்துளிகள் தொடங்கி ஒருமணி நேரத்திற்குள் மூடிவிடுகின்றன. உதிர்ந்த உயிர்மிகளும் கோழையும் சேர்ந்து அதன்மேல் ஒரு மூடியாகப் படிந்து, வேலை முடியும்வரை காடியை விலக்குகின்றன. மூவிதழ் வடிவில் மடிந்த சிறு புரதங்கள் சில இவ்வூர்தலைத் தூண்டுகின்றன. அவற்றை மூவிதழ்ப் புரதங்கள் என்போம். அடித்தளச் சவ்வு சிதையாதிருக்கும் வரையில் இந்த விரைவுச் சீரமைப்பு நடைபெறும். அதுவும் சிதைந்தபோது புண்ணுக்கு வழி திறக்கும்.

கீழரண்: குருதியும் நரம்பும்

மேலரணுக்குக் காரமும், இடையரணுக்கு ஆற்றலும் வழங்குவது கீழரணாகிய குருதியோட்டமே. இங்கேதான் அன்று பேவி கண்ட உண்மைப் பகுதி மீண்டும் ஒளிபெறுகிறது. காடியுயிர்மி ஒரு நீரக அயனியை இரைப்பைக்குள் இறைக்கும்போதெல்லாம், அதற்கு ஈடாக ஓர் ஈர்கரிம அயனியைக் குருதிக்குள் விடுக்கிறது. உணவுக்குப் பின் குருதியில் காரத்தன்மை சற்றே உயர்வது இதனாலேயே. இதனைக் காரப்பெருக்கு எனலாம். உட்சவ்வின் நுண்குழாய்கள் சுரப்பிகளின் அடியிலிருந்து காடியுயிர்மிகளின் அருகே மேலேறி, மேற்பரப்பிலுள்ள கோழையுயிர்மிகளின் காலடியை அடைகின்றன. ஆகவே காடி பிறக்கும் அதே வினையில் பிறந்த காரம், காடி சென்று சேரும் அதே மேற்பரப்புக்குக் குருதியால் ஏந்திச் செல்லப்படுகிறது. காடி மிகுந்து சுரக்கும் பொழுதே காரமும் மிகுந்து வந்து சேர்கிறது. தாக்குதலும் காப்பும் ஒரே வினையின் இரு பக்கங்களாய் அமைந்த இவ்வொழுங்கே இக்கட்டுரைப் பொருளின் நடுநாயகம்.

குருதியோட்டத்தை வேண்டியபோது பெருக்கும் வேலையை உட்சவ்வின் உணர்நரம்புகள் செய்கின்றன. காடி அரணைக் கடந்து உட்புகத் தொடங்கியதும் இந்நரம்பிழைகள் அதனை உணர்ந்து, குழாய்களை விரிக்கும் பொருள்களை விடுக்கின்றன. பெருகிய குருதி, புகுந்த காடியை நீர்த்து, நடுநிலையாக்கி, கொண்டு செல்கிறது. மிளகாயின் உறைப்புக்குரிய கேப்சைசின் என்னும் பொருளும் இந்நரம்புகளையே தூண்டுகிறது. சிறிய அளவில் அது உட்சவ்வின் குருதியோட்டத்தை மிகுவிக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உறைப்பு எரிச்சல் தரலாம். ஆயின் புண்ணுக்கு வேர் அதுவே என்னும் பரவலான எண்ணத்திற்குச் சான்று இல்லை.

அரண்களை இணைக்கும் தூது

இம்மூன்று அரண்களும் தனித்தனியே இயங்குவன ஆயின், ஒன்று தளரும்போது மற்றது அறியாது. அவற்றை இணைப்பன புரோசுட்டாகிளாண்டின்கள் என்னும் கொழுப்புவழிப் பொருள்கள்; இவற்றைக் காவல்தூதுகள் என்போம். கோழையை மிகுவித்தல், காரச் சுரப்பைத் தூண்டல், குருதியோட்டத்தைக் காத்தல், காடிச் சுரப்பைத் தணித்தல் ஆகிய நான்கும் இவற்றின் பணி. அமெரிக்காவில் ஆந்திரே இராபர்ட்டும் அவர்தம் குழுவினரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இவற்றின் திறத்தை நிறுவியது. காடிச்சுரப்பைக் குறைக்கவும் போதாத சிற்றளவில் காவல்தூதைப் பெற்ற எலிகளின் இரைப்பை, தூய சாராயம், கடுங்காடி, கடுங்காரம், கொதிநீர் ஆகியவற்றின் பெருஞ்சிதைவிலிருந்து காக்கப்பட்டது. காடியைக் குறைக்காமலே காப்பை வலுப்படுத்த இயலும் என்பது அதனால் தெளிவாயிற்று. மென்மையான எரிச்சலைத் தரும் பொருளை முன்னர்ப் பெற்ற இரைப்பை, பின்னர் வரும் கடும்பொருளைத் தாங்கும் என்பதையும் அக்குழுவினர் கண்டனர். சிறு தாக்குதலே காவல்தூதுகளை எழுப்பி, பெருந்தாக்குதலுக்கு உட்சவ்வை அணியப்படுத்துகிறது.

அரண் தளரும் வழிகள்

காடி இல்லையேல் புண் இல்லை என்பதை அறுவை மருத்துவர் கார்ல் சுவார்சு 1910-இல் நெறியாக வகுத்தார். அது பெரும்பாலும் மெய். ஆயினும் அது விடையின் பாதியே. காடி எல்லார்க்கும் உண்டு, புண்ணோ சிலர்க்கே உண்டு. எஞ்சிய பாதியை அரண்கள் தளரும் வழிகளே விளக்குகின்றன. அவற்றுள் இரண்டு தலையாயவை.

முதலாவது, வலிதணிக்கும் மருந்துகள். ஆசுபிரினும் அதன் இனத்தவையும் காவல்தூதுகளின் ஆக்கத்தைத் தடுப்பதாலேயே வலியைத் தணிக்கின்றன என்று சான் வேன் 1971-இல் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர். வலியிடத்தில் தடுக்கப்படும் தூது இரைப்பையிலும் தடுக்கப்படுவதால், கோழையும் காரமும் குருதியோட்டமும் ஒருங்கே குன்றுகின்றன. மேலும், இரைப்பையின் காடியில் ஆசுபிரின் மின்னூட்டமற்ற வடிவில் நின்று உயிர்மிக்குள் எளிதில் நுழைகிறது. உள்ளே நடுநிலையில் மின்னூட்டம் பெற்று வெளியேற இயலாமல் தேங்கி, உயிர்மியைச் சிதைக்கிறது.

இரண்டாவது, எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் சுருள்வடிவக் குச்சுயிரி. ஆசுதிரேலியாவின் பெர்த்து நகரில் இராபின் வாரனும் பாரி மார்சலும் இதனைக் கண்டு, 1982-இல் வளர்த்தெடுத்தனர். காடியில் எந்த நுண்ணுயிரியும் வாழாது என்று மருத்துவ உலகம் நம்பிய நாளில், மார்சல் 1984-இல் அக்குச்சுயிரி வளர்ந்த நீர்மத்தைத் தாமே பருகி, தம் இரைப்பையில் அழற்சி தோன்றியதை மெய்ப்பித்தார். இருவருக்கும் 2005-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்குச்சுயிரி யூரியாவைப் பிளந்து அம்மோனியா என்னும் காரத்தை ஆக்கி, தன்னைச் சூழ்ந்த காடியைத் தணிக்கிறது. காடி தணிந்த இடத்தில் மியூசின் இறுக்கம் தளர்ந்து நெகிழ்வதால், மேலரணுக்குள் நீந்திச் சென்று உயிர்மிகளை அடைகிறது. அங்கு நீடித்த அழற்சியை விளைத்து, தணிப்பியின் சுரப்பைக் குறைத்து, காடியைப் பெருக்கவும் செய்கிறது. ஒரே நேரத்தில் அரணைத் தளர்த்தித் தாக்குதலையும் வலுப்படுத்துவதே இதன் கொடுமை. ஆயினும் இது குடியேறிய எல்லார்க்கும் புண் வருவதில்லை. அரண்களின் வலிமை ஆளுக்கு ஆள் வேறுபடுதலின் பயன் அது.

இவையன்றி, புகைபிடித்தல் காரச் சுரப்பையும் குருதியோட்டத்தையும் குன்றச்செய்து, புண் ஆறுவதைத் தாழ்த்துகிறது. பெருந்தீக்காயமும் பெருங்குருதியிழப்பும் கீழரணைத் தளர்த்துவதால், காடி மிகாத நிலையிலும் உட்சவ்வு சிதைகிறது.

முடிபு

இரைப்பையின் காப்பு கட்டி முடிக்கப்பட்ட பொருளன்று. நொடிதோறும் கட்டப்படும் செயல். கோழை கழிந்து கோழை சுரக்கிறது. உயிர்மி உதிர்ந்து உயிர்மி எழுகிறது. காடியோடு காரமும் பிறக்கிறது. இந்த ஈடுசெயல் நிகழும் வரையில் நலம். ஈடு குன்றும்போது நோய். இதனை உணர்ந்தமையால்தான் இன்றைய மருத்துவம் காடியின் சுரப்பைத் தணிப்பதோடு நில்லாமல், குச்சுயிரியை நுண்ணுயிர்க்கொல்லிகளால் ஒழித்தும், காவல்தூதை ஒத்த மருந்தை வேண்டியவர்க்கு அளித்தும், புண்ணின் வேரையே நீக்குகிறது.

ஆகலின் படிப்போர்க்கு ஒன்று உரைப்போம். வலிதணிக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லின்றி நாள்பல தொடர்ந்து உண்ணாதீர். நெஞ்சுநோய்க்காக ஆசுபிரின் பெறுவோர் அதனைத் தாமாக நிறுத்தவும் வேண்டா, மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க. வயிற்றெரிச்சல் நீடித்தால் காடிதணிப்பிகளை மட்டும் விழுங்கிக் காலந்தாழ்த்தாமல், குச்சுயிரி உள்ளதா எனச் சோதித்தறிக. கருநிறமாக மலம் கழிந்தாலோ, வாந்தியில் குருதி கண்டாலோ ஒரு வேளையும் தாழ்த்தாது மருத்துவமனையை நாடுக. புகையை விடுக. தன் கடமையை இடையறாது செய்யும் உறுப்புக்கு நாம் செய்யத்தக்க உதவி, அதன் அரண்களை நம் கையால் தளர்த்தாதிருத்தலே.